ஆற்றங்கரையில் ரிசார்ட் வருகிறது: எங்கே, எப்போது ஆட்சேபம் சொல்வது?

வாசகி கேள்வி:

ஐயா, எங்கள் ஊர் தேவகோட்டையிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிறது. ஊருக்கு மேற்கே ஆறு. ஆற்றை ஒட்டி 6 ஏக்கரை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கியிருக்கிறார். செட்டிநாட்டு வீடு மாதிரியே 40 அறைகளோடு ரிசார்ட் கட்டப் போகிறார்கள், பின்னால் வீட்டு மனைகளும் போடுவார்கள் என்று பேச்சு. எங்கள் ஊர்க் குடிதண்ணீர்க் குளமான ஊருணிக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் (வரத்துக்கால்) அந்த நிலத்தின் குறுக்கே போகிறது. “பட்டா இடம், யாரும் கேட்க முடியாது. ஆறே பத்து வருஷமாக வறண்டு கிடக்கிறது” என்கிறார்கள். வேலை கிடைக்கும் என்று ஊரில் பாதிப் பேர் ஆதரவாக இருக்கிறார்கள். பக்கத்தில் எங்கள் குடும்ப நிலம் 60 சென்ட் இருக்கிறது. அதையும் விலைக்குக் கேட்கிறார்கள். அண்ணன் கொடுத்துவிடலாம் என்கிறார். நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றதில் இருந்து அவர் பேசுவதில்லை. ஓர் அலுவலகத்துக்குப் போனால் இன்னோர் அலுவலகத்தைக் கை காட்டுகிறார்கள். ஆட்சேபம் சொல்ல எனக்கு உரிமை உண்டா? யாரிடம் சொல்வது?

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

அனுமதி கொடுத்துவிட்டார்களா, இன்னும் விண்ணப்பமாகத்தான் இருக்கிறதா என்பதை நீங்கள் எழுதவில்லை. “கட்டப் போகிறார்கள்” என்று இருப்பதால், இன்னும் அனுமதி வரவில்லை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அப்படியானால் இதுதான் சரியான நேரம். அனுமதிக்கு முன்னால் போய்ச் சேரும் ஒரு பக்க மனு செய்யக்கூடிய காரியத்தை, அனுமதிக்குப் பிறகு நாலைந்து வருஷம் நடக்கும் வழக்கு செய்யாமல் போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் முதலில் மனுவை எழுதுங்கள். மற்ற ஆவணங்களை அப்புறம் திரட்டிக்கொள்ளலாம்.

உங்களுக்கு உரிமை உண்டு. “பட்டா இடம், யாரும் கேட்க முடியாது” என்பது ஊர் ஊராகச் சொல்லப்படுகிற தவறு. பட்டா, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைச் சொல்லும் வருவாய்த் துறைக் காகிதம். அங்கே என்ன கட்டலாம், எவ்வளவு கட்டலாம் என்பதைத் தீர்மானிப்பது 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டமும், 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும். சொந்த நிலமாகவே இருந்தாலும் திட்ட அனுமதியும் கட்டட அனுமதியும் வாங்காமல் அங்கே ரிசார்ட் எழுப்ப முடியாது. விண்ணப்பத்தைப் பார்க்கும்போது எந்தக் காரியத்துக்காகக் கேட்கிறார்கள், அந்தக் காரியத்துக்கு அந்த இடம் பொருத்தம்தானா என்று பார்க்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டத்தின் 49-வது பிரிவு. உங்கள் மனு போய் உட்கார வேண்டிய இடம் அந்த ‘பொருத்தம்’ என்ற சொல்தான்.

அடுத்தது, ஆறு வறண்டு கிடக்கிறது என்ற பேச்சு. நம் பக்கத்து ஆறுகள் எதுவும் ஆண்டு முழுக்க ஓடுபவை இல்லை. தேனாறு, மணிமுத்தாறு, விருசுழியாறு, பாம்பாறு, சருகணியாறு எல்லாமே மழையை நம்பிய ஆறுகள். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் சில நாள் ஓடும், அப்புறம் மணல்தான். அந்தச் சில நாளுக்காகத்தான் அவ்வளவு அகலமாகப் படுத்திருக்கிறது. பத்து வருஷம் ஓடாத ஆறு பதினோராவது வருஷம் ஓடாது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. வறண்ட சீமை என்று பெயர் வாங்கிய தென் கடற்கரையில் நடந்தது அது. நம் ஊரில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையே ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஆனால் மனுவில் மழைக் கதையை நீட்ட வேண்டாம். அதிகாரி மேஜையில் நிற்பது சர்வே எண். உங்கள் கிராமத்தின் கிராம வரைபடம், அந்த 6 ஏக்கரும் அதைச் சுற்றியும் உள்ள எல்லாச் சர்வே எண்களுக்கும் எஃப்.எம்.பி. என்கிற புல வரைபடம், ‘அ’ பதிவேட்டு நகல், இந்த மூன்றையும் எடுங்கள். புல வரைபடத்தையும் ‘அ’ பதிவேட்டையும் வருவாய்த் துறையின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம். கிராம வரைபடம் நில அளவைத் துறையில் கட்டணம் கட்டினால் கிடைக்கும். ‘அ’ பதிவேட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ஆறு, ஓடை, வாய்க்கால், ஊருணி, கண்மாய், வண்டிப்பாதை என்று வகை எழுதியிருக்கும். வரத்துக்கால் தனி எண்ணாகப் பிரிந்து ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்று இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. அது அரசு நிலம். அதை யாரும் வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. நீர்நிலைப் புறம்போக்கில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2005-இல் எல்.கிருஷ்ணன் வழக்கில் உத்தரவிட்டிருக்கிறது. இன்றைக்கும் அதிகாரிகள் மதிக்கிற தீர்ப்பு அது.

தனி எண்ணாக இல்லாமல், வாய்க்கால் பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடினால்? அங்கேதான் சிக்கல் வரும். புல வரைபடத்தில் நிலத்தின் குறுக்கே கோடுகளாக அது வரையப்பட்டிருக்கிறதா என்று உற்றுப் பாருங்கள். அதில் இல்லை என்றாலும் விட்டுவிட வேண்டாம். நம் பகுதிக்கு ஒரு தனி வரலாறு இருக்கிறது. சிவகங்கை, இராமநாதபுரம் ஜமீன்களுக்குள் இருந்த ஊர்கள் இவை. 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான், நிலத்துக்காரர் நேரே அரசுக்கு வரி கட்டும் ரயத்துவாரி முறைக்கு வந்தன. அப்போது எழுதிய செட்டில்மெண்ட் பதிவேடு, அதற்கப்புறம் 1979 முதல் 1987 வரை நில ஆவணங்களைப் புதுப்பித்து எழுதிய யு.டி.ஆர். கணக்கு, இப்போது கணினியில் இருப்பது என்று மூன்று அடுக்கு இருக்கிறது. ஓர் அடுக்கில் இருந்து அடுத்ததுக்கு எழுதும்போது ஓடைகள் காணாமல் போயிருக்கின்றன. கணினியில் ‘புஞ்சை’ என்று மட்டும் இருக்கும் எண், செட்டில்மெண்ட் பதிவேட்டில் ‘ஓடை’ என்று இருந்ததை நானே கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன். அதனால் பழைய பதிவேட்டின் நகலையும் கேளுங்கள். தாசில்தார் அலுவலகத்தில் இல்லை என்றால் மாவட்ட ஆவணக் காப்பறையில் தேடச் சொல்லுங்கள்.

காகிதம் எதிலும் இல்லாவிட்டாலும் ஒரு சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. அடுத்தவர் நிலத்தின் வழியே தண்ணீர், பாதை போன்றவற்றில் உள்ள உரிமைகளைச் சொல்லும் 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மெண்ட் சட்டம், 7-வது பிரிவு. மேட்டு நிலத்தில் விழுந்த தண்ணீர் இயல்பான வழியில் தாழ்ந்த நிலத்துக்கு இறங்கிப் போவதைத் தாழ்ந்த நிலத்துக்காரர் மறிக்கக் கூடாது என்று அதில் உதாரணத்தோடு சொல்லியிருக்கிறார்கள். இது சிவில் நீதிமன்றத்தில் நிற்கும் உரிமை. நகர் ஊரமைப்பு அதிகாரி இதை வைத்து முடிவெடுக்க மாட்டார். ஆனாலும் மனுவில் ஒரு வரி எழுதி வையுங்கள்.

இனி நான் சொல்லப் போவதை நிதானமாகப் படியுங்கள். உங்கள் கடிதத்தில் இல்லாத, ஆனால் எனக்கு அதிகம் கவலை தருகிற விஷயம் இது.

ஆற்றை ஒட்டிய இடம் என்றால் நீர்வளத் துறையிடம் தடையின்மைச் சான்று கேட்பார்கள். என்.ஓ.சி. வந்துவிட்டால் எல்லாம் சரி என்று ஊரும் நினைத்துக்கொள்ளும். அந்தச் சான்றில் வழக்கமாக வரும் நிபந்தனைகளில் ஒன்று, மனையை உச்ச வெள்ள மட்டத்துக்கு மேலே உயர்த்திக்கொள்ள வேண்டும் என்பது. கட்டப் போகிறவருக்கு இது நல்லது. அவருடைய கட்டடத்துக்குள் தண்ணீர் வராது. ஆனால் 6 ஏக்கரிலும் கிராவல் அடித்து 4 அடி உயர்த்தினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 ஏக்கர் என்பது சுமார் 24,280 சதுர மீட்டர். 4 அடி என்றால் 1.2 மீட்டர். பெருக்கினால் சுமார் 29,000 கன மீட்டர் மண். வெள்ளம் அந்த உயரத்துக்கு வருகிற அன்று, அந்த இடத்தில் பரவி நின்றிருக்க வேண்டிய கிட்டத்தட்ட 3 கோடி லிட்டர் தண்ணீர் வேறு இடம் தேடும். அந்த வேறு இடம் உங்கள் 60 சென்ட்டும், அதற்குக் கிழக்கே உள்ள தெருவும்.

இந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மனைப்பிரிவுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தேன். எதிர்புறம் பழைய தெரு. எங்கள் மனைப்பிரிவைச் சாலை மட்டத்துக்கு மேலே உயர்த்திக் காட்டினேன். விதிப்படி ஒரு குறையும் இல்லை, அனுமதியும் கிடைத்தது. மூன்றாவது வருஷம் பெய்த மழையில் எதிர்த் தெருவில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். ஒரு வயதான அம்மா கட்டில் மேல் அடுப்பை வைத்துச் சமைத்துக்கொண்டிருந்ததைப் போய்ப் பார்த்தேன். என் வரைபடத்தில் அந்தத் தெருவின் மட்டம் குறிக்கப்படவே இல்லை. யாரும் கேட்கவில்லை, நானும் குறிக்கவில்லை. அதற்குப் பிறகு பக்கத்து நிலத்தின் லெவல் பார்க்காமல் எந்த வரைபடத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை.

நம் முன்னோர் இதை எப்படிச் செய்தார்கள் என்று உங்கள் தெருவிலேயே நின்று பாருங்கள். வாசலில் இருந்து படி ஏறித்தான் திண்ணைக்குப் போகிறோம். வீட்டை உயர்த்தினார்கள், தெருவை அப்படியே தாழ்வாக விட்டார்கள். கூரையில் விழுந்த மழை வீட்டு நடுமுற்றமான வளவுக்குள் இறங்கி, சாக்கடை வழியாகத் தெருவுக்கு வந்து, தெருவின் சரிவில் ஓடி ஊருணிக்குப் போய்ச் சேரும். ஊருணி நிறைந்தால் மிச்சம் கண்மாய்க்கு. கண்மாய் நிறைந்தால் கலுங்கு என்ற வழிந்தோடி வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்கு. கானாடுகாத்தானில் நடந்து பார்த்தால் தெருவின் சரிவே தண்ணீருக்கு வழி காட்டுவது தெரியும். 2014-இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டைச் சேர்த்தபோது தனித்தனி வீடுகளாக இல்லாமல் ஊர்த் தொகுதிகளாகவே சேர்த்தார்கள். வீடு, தெரு, ஊருணி மூன்றும் சேர்ந்துதான் அந்த அமைப்பு. ‘செட்டிநாட்டு பாணி’ என்று தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் மட்டும் வைத்துவிட்டு, வரத்துக்காலை அடைத்தால் அது எப்படிச் செட்டிநாட்டு வீடாகும்?

எனவே உங்கள் மனுவின் முதல் கோரிக்கை இப்படி இருக்கட்டும்: நிலம் முழுவதையும் மண் அடித்து உயர்த்த அனுமதிக்கக் கூடாது. கட்டடத்தின் அடித்தளத்தை மட்டும் உயர்த்தட்டும், சுற்றியுள்ள தரை இப்போது இருக்கிற மட்டத்திலேயே இருக்கட்டும். வரைபடத்தில் அவர்களுடைய நிலத்தின் மட்டத்தோடு, ஆற்றின் படுகை, வரத்துக்கால், ஊருணிக்குள் தண்ணீர் நுழையும் உள்வாய், பக்கத்து நிலங்கள், கிழக்குத் தெரு எல்லாவற்றின் மட்டத்தையும் குறிக்கச் சொல்லி அதற்குப் பிறகே பரிசீலிக்க வேண்டும். எல்லா மட்டமும் குறித்த ஒரு வரைபடம் கோப்பில் சேர்ந்துவிட்டால், “யாருக்கும் பாதிப்பில்லை” என்று வாயால் சொல்லித் தப்பிக்க முடியாது.

இரண்டாவது கோரிக்கை, வரத்துக்கால் திறந்தே இருக்க வேண்டும். “குழாய் பதித்து மேலே மூடிக்கொள்கிறோம், தண்ணீர் போகும்” என்று சொல்வார்கள். நல்ல யோசனை போலத்தான் தோன்றும். 6 மீட்டர் அகலமும் 1 மீட்டர் ஆழமும் உள்ள வாய்க்காலுக்குத் தண்ணீர் போகும் வாய் 6 சதுர மீட்டர். 3 அடி விட்டமுள்ள சிமெண்ட் குழாயின் வாய் 0.64 சதுர மீட்டர். ஒன்பது குழாய்களை வரிசையாகப் பதித்தாலும் பழைய வாய்க்கு ஈடாகாது. பதிக்கப் போவதோ ஒன்று அல்லது இரண்டு. போதாததற்கு, கருவேல முள்ளும் பிளாஸ்டிக்கும் முதல் மழையிலேயே குழாயில் அடைத்துக்கொள்ளும். திறந்த வாய்க்காலை ஊர் ஆட்களை வைத்தே தூர்வாரலாம். மூடிய குழாய்க்குள் யார் இறங்குவார்கள்? வண்டி போக வேண்டுமென்றால் வாய்க்காலின் முழு அகலத்துக்கும் பாலம் கட்டட்டும்.

மூன்றாவது, கழிவுநீர். 40 அறை, சமையற்கூடம், துணி வெளுக்கும் இடம், ஒருவேளை நீச்சல் குளம். இவ்வளவின் கழிவும் எங்கே போகும்? மனை ஒரு நீர்நிலைக்கு 15 மீட்டருக்குள் இருந்தால், அந்தத் தண்ணீரில் கழிவு கலக்காதபடி என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும் என்று நிபந்தனை போடும் அதிகாரம் கட்டட விதிகளில் இருக்கிறது. வரத்துக்காலுக்குப் பக்கத்தில் செப்டிக் டேங்க் வந்தால், முதல் மழையில் அது நிரம்பி உங்கள் ஊருணிக்குத்தான் வரும். சுத்திகரிப்பு எந்திரம் எங்கே வைக்கிறார்கள், வெளியேறும் நீர் எங்கே போகிறது என்பதைக் கேளுங்கள்.

சரி, யாரிடம் கொடுப்பது? உங்களை ஓர் அலுவலகத்தில் இருந்து இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பியதில் பாதி நியாயம் உண்டு, பாதி இல்லை. இவ்வளவு பெரிய விடுதிக்குத் திட்ட அனுமதி நகர் ஊரமைப்புத் துறையின் மாவட்ட அலுவலகம் வழியாகப் போக வேண்டும். கட்டட அனுமதி உள்ளாட்சி கொடுப்பது. தண்ணீர் பற்றி நீர்வளத் துறை. வாய்க்கால் புறம்போக்கு வருவாய்த் துறை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு இருக்கிறது. அதனால் ஒரே மனுவை நான்கு நகலாக எழுதி நால்வருக்கும் கொடுத்து, நான்கிலும் மற்ற மூவருக்கும் நகல் கொடுத்திருப்பதைக் குறிப்பிடுங்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஐந்தாவது நகலைக் கொடுத்து, மனு எண்ணோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கண்மாயைப் பொறுத்தவரை ஒரு குறிப்பு: அதில் பாசனம் பெறும் நிலம் (ஆயக்கட்டு) 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை, குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம். ஊருணி ஊராட்சியின் பொறுப்பு. ஆகவே ‘எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்று ஊராட்சி ஒதுங்க முடியாது.

நிலத்தின் வகையையும் பார்த்துவிடுங்கள். உங்கள் ஊர் நகர் ஊரமைப்புத் துறை அறிவித்த ஏதாவது திட்டப் பகுதிக்குள் வந்தால் அங்கே ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் குடியிருப்பு, வணிகம், விவசாயம் என்று நில உபயோகம் குறித்திருப்பார்கள். விவசாயம் என்று இருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும். திட்டப் பகுதிக்கு வெளியே என்றால், விவசாய நிலத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்த நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவின்படி முன் இசைவு வேண்டும். நஞ்சையாக இருந்தால் ஆட்சியரின் இசைவும் வேண்டும். ரிசார்ட்காரர் இந்தப் படியைத் தாண்டிவிட்டாரா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். விண்ணப்பத்தின் நகல், இணைத்த வரைபடம், நீர்வளத் துறையின் சான்று வந்திருந்தால் அது, கள ஆய்வுக் குறிப்பு என்று சர்வே எண்ணைப் போட்டுத் தனித்தனியாகக் கேளுங்கள். “அந்த ரிசார்ட் பற்றிய விவரம் தரவும்” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். ஒரு பகுதி முழுவதற்குமான முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) போடும்போது வரைவை வெளியிட்டு, பொதுமக்கள் ஆட்சேபம் சொல்ல 2 மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தனி ஒருவர் ஒரு கட்டடத்துக்குக் கேட்கும் அனுமதிக்கு அப்படி ஊரைக் கூட்டிக் கேட்கும் ஏற்பாடு கிடையாது. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. ஊருணியைக் குடிக்கிறவர்களுக்குத் தெரியாமலே அதன் வரத்துக்காலைப் பற்றி முடிவாகிவிடுகிறது. அதனால்தான் யாரும் கூப்பிடுவதற்காகக் காத்திருக்காதீர்கள் என்கிறேன். கேட்காமலே வந்த மனுவாக இருந்தாலும், கோப்பில் சேர்ந்த பிறகு அதற்குப் பதில் எழுதாமல் அனுமதி கொடுக்க எந்த அதிகாரியும் யோசிப்பார்.

கிராம சபையையும் விட வேண்டாம். ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், அதில் ஒன்று. தீர்மானம் போட்டால் மட்டும் அனுமதி நின்றுவிடாது. ஆனாலும் ஊரின் கருத்து எழுத்தில் பதிவாகும். அங்கே “ரிசார்ட் வேண்டாம்” என்று தீர்மானம் கொண்டுவர முயன்றால் ஊர் இரண்டாகும், தோற்கவும் வாய்ப்பு உண்டு. “எங்கள் ஊருணியின் வரத்துக்காலை அளந்து கல் ஊன்ற வேண்டும், அதை யாரும் மூடக் கூடாது” என்று கொண்டுவாருங்கள். ரிசார்ட்டை ஆதரிக்கிறவர்களும் இதற்குக் கை தூக்குவார்கள். அவர்கள் வீட்டுக் குடமும் அந்த ஊருணிக்குத்தானே போகிறது.

வேலை கேட்கும் அந்தப் பாதிப் பேரை நீங்கள் எதிரியாக நினைக்கக் கூடாது. படித்த பிள்ளைகள் காரைக்குடிக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்க்கொண்டே இருக்கும் ஊரில் 30 பேருக்கு உள்ளூரில் வேலை என்பது பெரிய விஷயம். ஆனால் வேலை தருவது விடுதி. அது ஆற்றோரத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பூட்டிக் கிடக்கும் எத்தனை பெரிய வீடுகள் உங்கள் தெருவில் இருக்கின்றன? கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் பழைய வீடுகளையே விடுதியாக்கி நடத்துகிறார்கள். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். பங்காளிகள் கூடிப் பேசி இரண்டு வீட்டைக் குத்தகைக்கு விட்டால் வீடும் விழாமல் நிற்கும், வேலையும் வரும். இல்லாவிட்டால் ஊருக்குக் கிழக்கே மேட்டு நிலம் ஏதாவது இருந்தால் அந்த ரிசார்ட்காரரிடமே சொல்லிப் பாருங்கள். நேரில் போய்ப் பேசுவதில் தப்பில்லை. வெள்ளத்தின் கணக்கைக் காட்டினால் கேட்டுக்கொள்கிற முதலாளிகளும் இருக்கிறார்கள். அவர் போடுவதும் கோடிக்கணக்கான பணம்தான்.

பின்னால் வரப்போகும் வீட்டு மனைகள் விஷயத்தில் நான் இன்னும் கண்டிப்பாக இருப்பேன். ரிசார்ட்டில் வெள்ளம் வந்தால் விருந்தாளி ஊருக்குப் போய்விடுவார். மனை வாங்கிக் கடன் போட்டு வீடு கட்டியவர் எங்கே போவார்? அனுமதி இல்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் அரசு திட்டம் கொண்டுவந்தபோதும் நீர்நிலையில் இருந்த மனைகளை அதில் சேர்க்கவில்லை. 500 சதுர மீட்டருக்கு மேலான மனைப்பிரிவு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகி இருக்கிறதா என்று பார்க்காமல் உங்கள் ஊரில் யாரும் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

இனி உங்கள் அண்ணன். இதைச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சண்டை போடுவது நிலத்தைப் பற்றி, அவர் சண்டை போடுவது பணத்தைப் பற்றி என்று நினைக்காதீர்கள். அவருக்குக் கட்ட வேண்டிய கடன் இருக்கலாம், கல்யாணத்துக்குப் பெண் இருக்கலாம். விற்கலாமா வேண்டாமா என்பதை ஒரு மாதம் தள்ளிப் போடச் சொல்லுங்கள், அவ்வளவுதான் கேளுங்கள். அந்த மாதத்துக்குள் இரண்டு பேரும் பாதிப் பாதி பணம் போட்டு உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரை வைத்து 60 சென்ட்டின் எல்லையையும் லெவலையும் எடுங்கள். பக்கத்து 6 ஏக்கர் உயர்ந்துவிட்டால் உங்கள் நிலம் பள்ளமாகும், விலையும் விழும். இன்றைக்கு நல்ல விலை சொல்லி அவசரப்படுத்துவதற்கு ஒரு காரணம் அதுவாகவும் இருக்கலாம். அந்த லெவல் காகிதத்தை அண்ணனே கையில் பிடித்துப் பார்த்துவிட்டால், நீங்கள் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது. பார்த்த பிறகும் விற்க வேண்டும் என்றால் அவர் பங்கை விற்க அவருக்கு உரிமை உண்டு. பாகம் பிரித்து உங்கள் பங்கை வைத்துக்கொள்ள உங்களுக்கும் உண்டு. பொதுவில் இருக்கும் நிலத்துக்கு எந்த வெற்றுக் காகிதத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

ஒருவேளை அனுமதி ஏற்கெனவே வந்துவிட்டது என்று தெரிந்தால், அனுமதி வரைபடத்தின் நகலை வாங்கி, கட்டுவது அதன்படிதானா என்று பாருங்கள். மாறாகக் கட்டினால் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் நிறுத்தவும் அகற்றவும் பூட்டி முத்திரை வைக்கவும் அதிகாரம் இருக்கிறது. ஜேசிபி வரத்துக்காலில் இறங்கினால் அன்றைக்கே தேதி தெரிகிற மாதிரிப் படம் எடுத்து வி.ஏ.ஓ.வுக்கும் தாசில்தாருக்கும் எழுத்தில் கொடுங்கள். அதற்கு மேல் என்றால் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளையும், சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வும் இருக்கின்றன. தீர்ப்பாயத்துக்குப் போவதானால் பிரச்சினை எழுந்த நாளில் இருந்து 6 மாதக் கெடு ஓடத் தொடங்கிவிடும். அந்தக் கட்டம் வந்தால் வழக்கறிஞரைப் பாருங்கள், அதில் என் ஆலோசனை போதாது.

மனு எழுதும்போது ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். கிராமத்தின் பெயர், சர்வே எண்கள், வரத்துக்கால் எங்கே தொடங்கி எங்கே போய்ச் சேர்கிறது, அதை நம்பி எத்தனை குடும்பம், மேலே சொன்ன மூன்று கோரிக்கைகள். வாய்க்காலில் நின்று நான்கு படம். ஒன்றில் ஊருணியின் உள்வாய் தெரியட்டும். ஊரில் பழைய வெள்ளம் எதுவரை வந்தது என்று காட்டக்கூடிய பெரியவர் யாராவது இருப்பார். அவர் காட்டுகிற சுவரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் அவரை நிறுத்தி ஐந்தாவது படம் எடுங்கள். உச்ச வெள்ள மட்டம் என்று அலுவலகத்தில் எழுதுவதைச் சரிபார்க்க அந்தக் கோடு உதவும். புல வரைபடமும் ‘அ’ பதிவேடும் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். கோடு கோடாகப் பார்த்து எழுதுகிறேன்.